அண்ணிக்கு ரத்தத்தில் செம்பு கூடுதலாம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயா? செம்புக் குடம்தான் காரணமா?

கடற்காற்று (காசிமேடு):
எங்கள் அண்ணிக்கு 43 வயது. ஐந்து மாதமாக வெள்ளைப்படுகிறது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் திட்டுத்திட்டாக ரத்தமும் படுகிறது. யாரிடமும் மூச்சு விடாமல் விடிகாலை ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து வந்து விற்றுக்கொண்டிருந்தார். போன வாரம்தான் என்னிடம் சொன்னார். அதற்குள் வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றைப் படித்துவிட்டார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ரத்தத்தில் செம்பு கூடியும், துத்தநாகமும் செலினியமும் குறைந்தும் இருக்குமாம். உடனே ஒரு லேபில் பார்த்திருக்கிறார், செம்பு கூடுதல், துத்தநாகம் குறைவு என்றே வந்திருக்கிறது. அன்றைக்கே மாமியார் காலத்துச் செம்புக் குடம் பரணுக்குப் போய்விட்டது, பிளாஸ்டிக் குடம் வந்துவிட்டது. தினமும் துத்தநாகம் 50 மில்லிகிராம், செலினியம் 200 மைக்ரோகிராம் சேர்ந்த ஒரு மாத்திரை போடுகிறார். மூன்று மாதம் போட்டுவிட்டு மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்கிறார். சரியா இது?

செம்பருத்தி72 (வியாசர்பாடி):
அண்ணி செய்ததில் தப்பு இல்லை, தங்கச்சி. அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யும் இல்லை. நோய் வந்த பெண்களையும் வராத பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் நம் நாட்டிலும் வெளியிலும் நிறைய வந்திருக்கின்றன, பெரும்பாலும் இதே கதைதான். செலினியம் இல்லாமல் குளூட்டதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்யாது, செல்லுக்குள் சேரும் கெட்ட ஆக்சிஜனை அடக்குவது அதுதான். துத்தநாகம் குறைந்தால் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி வைரஸ் பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாகவே போய்விடுகிறது, சிலருக்கு மட்டும் ஏன் தங்கிவிடுகிறது? மூன்று வேளையும் ரேஷன் அரிசியையே தின்கிற உடம்பு எப்படிப் போராடும்? தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் இருக்கிற கொஞ்சம் துத்தநாகத்தையும் உடம்பில் ஒட்டவிடாது. இதையெல்லாம் எந்த டாக்டரும் கேட்பதில்லை. மூன்று மாதம் போட்டுப் பார்க்கட்டும்.

லேப்_தம்பி (பெரம்பூர்):
நான் லேபில் ரத்தம் எடுக்கிறவன், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ரத்தத்தில் இருக்கிற செம்பில் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் உட்கார்ந்திருக்கும். அதைச் செய்வது கல்லீரல். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும், தொற்று வந்தாலும் கல்லீரல் அதைக் கூடுதலாகச் செய்யும், அப்போது செம்பு அளவும் ஏறும். அதே நேரத்தில் துத்தநாகம் ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் போய்விடும், ரத்தத்தில் இறங்கிவிடும். ஒரு ஏழு மாதக் கர்ப்பிணியை உட்கார வைத்து ரத்தம் எடுங்கள், அவருக்கும் செம்பு கூடுதல், துத்தநாகம் குறைவு என்றுதான் வரும். அவருக்குப் புற்றுநோயா? நோய் வந்த பிறகு எடுத்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இதனால்தான் நோய் வந்தது என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று, சாதாரண ரப்பர் மூடி போட்ட டியூபில் எடுத்தாலே துத்தநாக அளவு மாறிவிடும், தாது பார்க்கத் தனி டியூப் உண்டு. சாப்பிட்டு வந்தாரா, வெறும் வயிறா என்பதிலும் மாறும். அண்ணியிடம் அதையெல்லாம் கேட்டார்களா?

குடத்தை இறக்கி வையுங்கள் அக்கா. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. புளி, எலுமிச்சை, மோர் மட்டும் அதில் வைக்காதீர்கள், புளிப்பில் செம்பு கரையும்.

செம்பருத்தி72:
நோய் வந்த பிறகு எடுத்த ரத்தம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறைவு முன்னாலேயே இருந்திருக்காது என்றும் நீங்கள் சொல்ல முடியாது தம்பி.

லேப்_தம்பி:
அதைப் பார்க்க மாத்திரை கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் 35,000-க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து 2001-இல் செலெக்ட் என்று ஓர் ஆய்வு தொடங்கினார்கள், தினம் இதே 200 மைக்ரோகிராம் செலினியம். புராஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை, 2008-இல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

செம்பருத்தி72:
அது ஆண்கள், வேறு உறுப்பு, அதுவும் ஏற்கெனவே செலினியம் போதுமான அளவு இருந்த ஊர்க்காரர்கள். அதைக் கொண்டுவந்து புளியந்தோப்பில் சோகை பிடித்துக் கிடக்கிற பெண்ணுக்குப் பொருத்தாதீர்கள்.

ஒற்றியூர்_சிஸ்டர்:
செம்பருத்தி அக்கா இப்போது சொன்னது நியாயமான கேள்விதான், ஆய்வு செய்கிறவர்கள் அதைப் பார்க்கட்டும். எனக்கு இங்கே பயமாக இருப்பது வேறு. ஐந்து மாதமாக ரத்தம் படுகிற ஒருவரை இன்னும் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறீர்கள்.

இந்த நோய்க்கு மூல காரணம் எச்.பி.வி. அதைக் கண்டு சொன்னதற்காக ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் கொடுத்தார்கள். 16, 18 என்ற இரண்டு வகைகளே பத்தில் ஏழு பேருக்குக் காரணம். செல்லைக் கட்டுக்குள் வைத்திருக்கிற பி53 என்ற புரதத்தை வைரஸின் இ6 புரதம் அழித்துவிடும், அங்கிருந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து இருபது வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் ரத்தத்தில் தேட வேண்டியதில்லை, கர்ப்பப்பை வாயை நேரில் பார்த்தாலே போதும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் கிராமம் கிராமமாக இதைச் செய்து பார்த்தார்கள், 2007-இல் முடிவு வந்தது: ஒரே ஒரு முறை பார்த்ததில் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. ஆனால் அது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான சோதனை. அண்ணிக்கு அறிகுறியே வந்துவிட்டது, டாக்டர் உள்ளே பார்த்து, தேவைப்பட்டால் சதை எடுத்து அனுப்ப வேண்டும். வெறும் தொற்றாகவோ சின்னச் சதை வளர்ச்சியாகவோகூட இருக்கலாம், பார்த்தால்தானே தெரியும்?

அந்த மாத்திரையும் சும்மா இல்லை. தினம் 50 மில்லிகிராம் துத்தநாகத்தை மாதக்கணக்கில் போட்டால் குடல் செம்பை உள்ளே விடாது, சோகை வரும், கால் மரத்துப்போகும். ஏற்கெனவே ரத்தம் போகிறவருக்கு இது தேவையா?

செம்பருத்தி72:
எனக்கு மாத்திரை விற்கிற வேலை இல்லை சிஸ்டர். எங்கள் அம்மா 2009-இல் இதே மாதிரி ரத்தப்போக்கோடு ஒரு மருத்துவமனைக்குப் போனார். பெயர் வேண்டாம். வரிசையில் ஆண்களும் நிற்கிற இடத்தில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி எங்கே படுகிறது, எப்போது படுகிறது என்று கேட்டார்கள். அம்மா கூனிக் குறுகிப் போனார். மாதவிலக்கு நிற்கிற வயசு, ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் அந்தக் கசப்பு டானிக்கைக் குடித்தார், பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தது நான்தான். கடைசியில் மூன்றாம் கட்டம் என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரிப் படிகளில் நம்பிக்கை இல்லை, சாப்பாட்டில்தான் நம்பிக்கை.

ஒற்றியூர்_சிஸ்டர்:
படிக்கவே நெஞ்சு அடைக்கிறது அக்கா. உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம். அந்தக் கேள்விகளைத் திரைக்குப் பின்னால் கேட்டிருக்க வேண்டும், உள்ளே பார்த்திருக்க வேண்டும். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அவர்களும் உள்ளே பார்க்காமல் ஒரு தாதுவைத்தான் கொடுத்து அனுப்பினார்கள்.

கடற்காற்று:
இரண்டு பேர் எழுதியதையும் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அந்த எட்டு மாத டானிக் கதையைக் கேட்டதும் எழுந்துபோய் மாத்திரை அட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டார். நாளைக்கு ஏலத்துக்குப் போகவில்லை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனைக்குப் போகிறோம்.

செம்பருத்தி72:
கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன், நம் பெண்கள் சத்தில்லாமல்தான் கிடக்கிறார்கள். ஆனால் அண்ணி நாளைக்கே போகட்டும். நீ கூடவே உள்ளே போ, வெளியே நிற்காதே. யாராவது சத்தமாகக் கேட்டால் மெதுவாகக் கேளுங்கள் என்று நீ சொல்லு, அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடற்காற்று:
போய் வந்துவிட்டோம். லேடி டாக்டர்தான், திரை போட்டுத்தான் பார்த்தார். கர்ப்பப்பை வாயில் தொட்டாலே ரத்தம் வருகிற ஒரு இடம் இருக்கிறதாம், அரிசி அளவு சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அட்டையைக் காட்டினேன், நிறுத்தச் சொல்லிவிட்டார். முடிவு வர இன்னும் நாளாகும். வீட்டுக்கு வந்ததும் அண்ணியே ஏணி போட்டுக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

செம்பருத்தி72:
தேய்க்கிற வேலையை நீ வாங்கிக்கொள். நெத்திலி கிடைத்தால் குழம்பு வைத்துக் கொடு, கடல் மீனில் செலினியம் தாராளமாக இருக்கிறது, அதற்கு அட்டை தேவையில்லை. முடிவு வந்ததும் எந்த நேரமானாலும் எழுது.