லொக்ரோனான் த்ரொமெனி: கும்பிடக் கூடாத சிலுவை

மழைக்கோட்டு:

2019 ஜூலை, பெரிய த்ரொமெனி. பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் லொக்ரோனான் ஊரில், புனித ரொனான் பேரில் நடக்கும் சுற்றுப் பவனி அது. போனவர்களுக்குத் தெரியும், ஆறு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். 12 கிலோமீட்டர், 12 நிலையம், அந்தச் சில நாளுக்காக மட்டும் வயலையும் வேலியையும் திறந்துவிடுவார்கள். நான் தூத்துக்குடிப் பக்கத்து வேதக்கார வீட்டில் பிறந்தவள், சப்பரத்துக்குப் பின்னால் நடந்தே வளர்ந்தேன். அதனால் கொடி, மேளம், தோளில் வரும் சுரூபம் எதுவும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. வழியெல்லாம் தழையும் வெள்ளைத் துணியும் வைத்துச் சின்னக் குடில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு புனிதரை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் சிலுவை போட்டுக்கொண்டு, தட்டில் சில்லறை போட்டுவிட்டு நடந்தேன்.

கை பழகிப்போனதுதான் வினை. வழியோரம் ஒரு கற்சிலுவை வந்தது, கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. பக்கத்தில் நடந்து வந்த ஒரு பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். எண்பது வயது இருக்கும், பிடியில் அப்படி ஒரு பலம்! வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் வேண்டாம் என்று ஆட்டினார். அப்புறம்தான் கவனித்தேன், முன்னால் போன ஒருவரும் தலை குனியவில்லை, பேச்சுமூச்சு இல்லாமல் கடந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

அது கேபென் சிலுவை. கதையில் கேபென் என்பவள், இறந்துபோன ரொனான் உடலை ஏற்றிவந்த எருதைத் துணி துவைக்கும் கட்டையால் அடித்துக் கொம்பை உடைத்தாளே, அவளை மண் விழுங்கிய இடம். என் கை நெற்றியைத் தொட்டது, நெஞ்சுக்கு வரவில்லை. பாதியில் நின்ற அந்தச் சிலுவை யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ? இன்னும் உறுத்துகிறது.

ரென் தெற்கு:

நான் திருவிழாவுக்குப் போகவில்லை. பிப்ரவரி மாதம், ஈ காக்கை இல்லை. நானும் மனைவியும் மெனெஸ் லொக்கோர்ன் ஏறிவிட்டு (மலை என்றுதான் சொல்கிறார்கள், 289 மீட்டர்தான்) காட்டு வழியாக இறங்கினோம். அங்கே அந்தப் பெரிய பாறை இருக்கிறதே, கல்குதிரை, ரொனான் நாற்காலி என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், அதன் பக்கத்தில் ஒரு பெரியவர் நாயோடு நின்றார். எங்களைப் பார்த்துச் சிரித்து, பாறையின் பள்ளத்தைக் கையால் தட்டி, “மதாம், உட்காருங்கள், பிள்ளை பிறக்கும்” என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. பேருந்தில் இடம் விட்டுக் கொடுக்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

நாங்கள் நான்கு வருடமாக ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தோம். அவருக்கு எப்படித் தெரியும்? மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டாள். காரில் ஏறிய பிறகு, “உட்கார்ந்திருக்கலாமோ?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பிரெத்தாஞ் கோமகளும் பிரான்ஸ் அரசியுமான ஆன் 1505-இல் பிள்ளை வரம் கேட்டு இந்த ஊருக்கு வந்தாராம். 1514-இல் அவர் இறந்தபோது இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஆண் வாரிசு தங்கவில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

சலவைக்கல்:

முதலில் எழுதிய அக்காவுக்கு: அந்தப் பாதிச் சிலுவை கேபெனுக்கே போய்ச் சேரட்டும், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கதையைக் கொஞ்சம் அவள் பக்கமிருந்து பாருங்கள். அயர்லாந்திலிருந்து ஒரு துறவி வருகிறார். அவள் புருஷன் வேலைவெட்டியை விட்டுவிட்டு அவர் குடிசையே கதியென்று கிடக்கிறான். வீட்டையும் வயலையும் யார் பார்ப்பது? ரொனான் வாழ்ந்தது சுமார் 6-ஆம் நூற்றாண்டு, நம் கையில் இருக்கும் லத்தீன் வரலாறு 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடையில் எழுநூறு வருடம். எழுதியவர்கள் எல்லாம் சாமியார்கள், அவர்கள் எழுத்தில் துவைக்கிறவள் எப்படி இருப்பாள்? அதோடு அந்தச் சுற்றே ரொனானுக்கு முந்தையது, 12 நிலையமும் கெல்ட்டு நாள்காட்டியின் 12 மாதம் என்று தொனாசியென் லோரான் என்ற ஆய்வாளர் வாதிட்டிருக்கிறார். அப்படியானால் கேபென்தான் அந்த இடத்தின் பழைய சொந்தக்காரியோ என்னவோ. இது என் ஊகம்.

என் அனுபவம் சின்னதுதான். கோயிலில் 1707-இல் செய்த பிரசங்க மேடையில் ரொனான் கதையைப் பத்து வட்டப் பலகைகளில் செதுக்கி வண்ணம் பூசியிருக்கிறார்கள். என் ஏழு வயது மகள் அதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அந்த மாட்டுக்கு அப்புறம் கொம்பு முளைச்சுதா?”

பழைய நடையன்:

சலவைக்கல் அம்மா, பெற்ற மகளையே பெட்டியில் பூட்டி மூச்சு முட்டிச் சாகவிட்டு, “ரொனான் ஓநாயாக மாறித் தின்றுவிட்டார்” என்று கெம்பேருக்குப் போய் கிராட்லோன் ராஜாவிடம் பிராது கொடுத்தவள் உங்கள் கேபென். வெறிநாய்கள் இரண்டை ராஜா அவிழ்த்துவிட, ரொனான் சிலுவை வரைந்து அடக்கினார், பெட்டி இருந்த இடத்தைச் சொல்லி, பிள்ளையையும் எழுப்பிக் கொடுத்தார். இதையெல்லாம் விட்டுவிட்டுத் துணி துவைத்ததை மட்டும் சொன்னால் எப்படி? நாள்காட்டிக் கதை எனக்கும் தெரியும். அங்கே நடக்கிறவன் மாதத்தை எண்ணிக்கொண்டா நடக்கிறான்?

சரி, இனி போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அடுத்த பெரிய சுற்று 2031. ஜூலை இரண்டாவது, மூன்றாவது ஞாயிறு பவனி, நடுவில் உள்ள நாட்களில் தனியாகவும் நடக்கலாம். என்னைக் கேட்டால் வாரநாளில், காலையிலேயே போங்கள். மற்ற வருடங்களில் சின்ன த்ரொமெனி உண்டு, 6 கிலோமீட்டர், முட்டிவலிக்காரர்களுக்கு அது போதும். புதுச் செருப்பு, புது ஷூ கூடவே கூடாது. வயல் சேறு கணுக்கால் வரை வரும், மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் கார் நிறுத்தத் தவிக்க வேண்டாம், தூரத்திலேயே போட்டுவிட்டு நடங்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டர். பெனித்தி சிற்றாலயத்தில் ரொனான் படுத்திருக்கும் கல்லறைச் சிற்பத்தைத் தேவதூதர்கள் தாங்கி நிற்பார்கள், அதன் அடியில் குனிந்து புகுந்து வருவது வழக்கம். முதுகுப் பையைக் கழற்றிவிட்டுப் புகவும். நான் கழற்றவில்லை, நடுவில் மாட்டிக்கொண்டேன், பின்னால் வந்த அம்மா தள்ளிவிட்டார். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆமாம், உயிரோடு இருக்கும்போது சுற்றாதவர்கள் செத்த பிறகு சுற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு சவப்பெட்டி நீளம்தான் நகர முடியும் என்பார்கள். 12 கிலோமீட்டருக்கு எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்கோட்டு:

அண்ணா, ஷூவைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

ரென் தெற்கு, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

2025-இல் மறுபடி போனேன். அந்தப் பாட்டியைக் கூட்டத்தில் தேடினேன், காணவில்லை. கேபென் சிலுவை வருவதற்கு முன்பே இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். பக்கத்தில் வந்தவர் குளிர்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.