பொருள்: ‘பயிற்சி இடமாற்றம்’ – மாற்றுச்சொல் தேவை

வணக்கம்.

மனிதவள மேலாண்மைக் கலைச்சொல் பட்டியலில் ‘டிரான்ஸ்ஃபர் ஆஃப் டிரெய்னிங்’ என்பதற்குப் ‘பயிற்சி இடமாற்றம்’ என்று இருக்கிறது. சேலம் மாவட்ட அலுவலகங்களுக்கான கையேட்டில் இதை அப்படியே வைத்தால், பயிற்சி முடித்தவருக்கு மாறுதல் ஆணை வந்துவிட்டது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

கருத்து இதுதான்: வகுப்பில் கற்றது இருக்கைக்கு வந்து வேலையில் தென்பட வேண்டும். ஆய்வாளர்கள் பால்ட்வினும் ஃபோர்டும் 1988இல் இதில் இரண்டு கூறுகளைப் பிரித்துக் காட்டினார்கள்: கற்றதைப் புதிய வேலைகளுக்கும் விரிப்பது, நாள்பட்டாலும் கைவிடாமல் இருப்பது. என் முன்மொழிவு ‘பணியூன்றல்’.

— சேலம், பயிற்சிப் பிரிவு

> என் முன்மொழிவு ‘பணியூன்றல்’.

ஐயா, இது நிலைப்பதை மட்டும் சொல்கிறது. பெயர்ந்து வருவது விடுபடுகிறது. ஏற்காட்டில் காப்பி நாற்றைப் பெயர்த்து நட்ட பிறகுதானே அது ஊன்றும்? ‘பயிற்சிப் பெயர்வு’ பொருந்தாதா?

— ஏற்காடு

அம்மா, எத்தனை பேர் பயிற்சிக்குப் போய் வந்தார்கள் என்ற கணக்கு எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. யாரும் பார்க்காதது, ஊன்றியதா என்பதைத்தான். அதனால் சொல் அதையே சுட்டட்டும்.

அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் பெருந்தண்டனைக்குரிய விதியான 17(ஆ)வின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாரிக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் கருத்துப் படிவத்தில் ‘மிக நன்று’ என்று போட்டுவிடுவார்கள். பயிற்சியின் பயனை அளக்கக் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு படிகளில் அது முதல் படி. மூன்றாம் படியான நடத்தையைப் பார்க்க வரைவையே கையில் எடுக்க வேண்டும். குற்றச்சாட்டுகள் தனித்தனியாக இருக்கின்றனவா? நாளும் இடமும் உண்டா? பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஆவணமும் எந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் என்று தெரிகிறதா? பழைய வரைவில் பெயரை மட்டும் மாற்றியிருந்தால், ‘கடமையில் தவறினார்’ என்ற மொட்டை வரி அப்படியே நிற்கும். இப்படித் தெளிவில்லாத குற்றச்சாட்டை நீதிமன்றம் ரத்து செய்துவிடலாம். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊன்றாமல் போனால் பழி பயிற்சி பெற்றவர் மேல் விழுகிறது. அது நியாயமில்லை. திரும்பியதும் இருக்கையை மாற்றிவிடுகிறார்கள். அல்லது, என்ன கற்றுத்தந்தார்கள் என்றே அறியாத கண்காணிப்பாளர் ‘பழைய மாதிரியே போடுங்க’ என்கிறார். ஆகவே அனுப்புமுன், திரும்பி வந்து செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைக் கண்காணிப்பாளரே எழுதித் தர வேண்டும். 3 மாதம் இருக்கை மாறக்கூடாது. 90ஆம் நாள் வரைவுகளைப் பார்க்க வேண்டும்.

— சேலம், பயிற்சிப் பிரிவு

சொல்லை ஏற்கிறேன், 90ஆம் நாளை ஏற்க முடியாது. மலைமேல் இருக்கும் சின்ன அலுவலகத்தில் ஒருவரே இரண்டு மூன்று இருக்கைகளைப் பார்ப்பார். 17(ஆ) எப்போதாவதுதான் வரும். அன்றைக்கு ஒரு வரைவும் இருக்காது. ‘ஊன்றவில்லை’ என்று எழுதிவிடுவோம். நாளை விட்டுவிட்டு முதல் 3 வரைவுகளைப் பாருங்கள். வேலையே வரவில்லை என்றால் ‘வாய்ப்பில்லை’ என்று தனியாகக் குறியுங்கள். முடிந்த கோப்பு ஒன்றைப் பெயர் மறைத்துக் கொடுத்து வரையச் சொல்லலாம்.

இன்னொன்று: பழைய பழக்கம் புதிய முறையைக் கெடுப்பதற்கு என்ன சொல்? ‘எதிர்ப்பணியூன்றல்’ வாயில் நுழையவில்லை.

— ஏற்காடு

‘பழக்க இடையூறு’ போதும். வரைவுக் கணக்கு சரி, கையேட்டில் திருத்திவிடுகிறேன். பதிவு இப்படிப் போகட்டும்:

பணியூன்றல் (பெ.): பயிற்சியில் கற்றது அன்றாடப் பணியில் விரிந்து நிலைப்பது. வினையாக: ‘பயிற்சி பணியில் ஊன்றியது’. சேர்க்கைகள்: பணியூன்றல் வாய்ப்பு, பணியூன்றல் தடை.

— சேலம், பயிற்சிப் பிரிவு