விட்பிக்கு ஒரு நாள்: குடும்பத்தோடு போனவர்களின் அனுபவங்கள்

லீட்ஸிலிருந்து

ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். லண்டன் வேண்டாம், கடல் பார்க்கலாம் என்றார். சரி என்று யார்க்‌ஷயர் கடலோர ஊரான விட்பிக்குக் கிளம்பினோம். போகிறவர்கள் ஆகஸ்ட்டில் போங்கள். வழியில் பிக்கரிங் ஊரைத் தாண்டியதும் மேட்டுநிலம் முழுக்க ஹீதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதாவாகக் கிடக்கும்.

விட்பி என்றதும் எல்லாரும் ஊரிலிருந்து குன்றின் மேலிருக்கும் பழைய மடாலயத்துக்கு ஏறும் 199 படிகளைத்தான் சொல்வார்கள். அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் நாங்கள் காரை நேராக மேலே, மடாலயத்துப் பக்கத்து பார்க்கிங்கில் விட்டுவிட்டோம். இறங்குவது மட்டும் என்றால் படி அவ்வளவு சிரமமில்லை. மடாலயம் 657-இல் ஹில்டா என்ற பெண்துறவி தொடங்கியது. மன்னர் எட்டாம் ஹென்றி 1539-இல் மூட வைத்தார். இப்போது கூரையில்லாத சுவர்களும் பேய்க்காற்றும்தான். பிள்ளைகளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது.

எனக்குப் பிடித்தது பக்கத்திலிருக்கும் செயின்ட் மேரி தேவாலயம். உள்ளே வரிசையாக பெஞ்சு கிடையாது. பலகை அடைத்து, கதவு வைத்து, சின்னச் சின்ன அறைகளாக இருக்கைகள். சிலவற்றில் 'வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. மகள் படித்துச் சொன்னதும் அத்தை கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, "நமக்குன்னே போட்டு வச்சிருக்கான், வாங்க எல்லாரும்" என்றார். அங்கே நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்ன சிரிப்பு என்று விசாரித்தார். சொன்னோம். அவரும் சிரித்துவிட்டு, பிரசங்க மேடையைக் காட்டினார். 1778-இல் செய்த மூன்றடுக்கு மேடை. அதன் பின்புறம் இரண்டு நீளக் குழல்கள் தொங்குகின்றன. காது கேளாத போதகர் மனைவிக்குப் பிரசங்கம் கேட்பதற்காக வைத்ததாம். அத்தைக்கும் காது கொஞ்சம் மந்தம். "பொண்டாட்டிக்குக் கேக்கணும்னு செஞ்சிருக்கான் பாரு" என்று மாமாவை நினைத்து ஒரு பெருமூச்சு!

கீழே கடைத்தெருவில் ஜெட் நகை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரம் இறுகிக் கறுப்பாகியது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. 1861-இல் கணவர் இறந்தபின் விக்டோரியா மகாராணி இதைத் துக்க நகையாக அணிந்ததால் நாடெங்கும் பரவியது. அந்த விவரம் அத்தைக்குத் தெரியாது. "கருகமணி, கண்ணு படாது" என்று பேரனுக்கு வாங்கினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

மீன் வாங்கும்போது கவனம். யார்க்‌ஷயரில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், சிப்ஸ் உட்பட. வரிசையில் நின்றபடி இதைக் கணவரிடம் கிசுகிசுத்தேன். முன்னால் நின்றவர் திரும்பி, எண்ணெய்யில் பொரிக்கிற வேறொரு கடைக்கு வழி சொன்னார். அங்கே வாங்கிய மீனில் பாதியை மகன் கையிலிருந்து கடற்காகம் கொத்திக்கொண்டு போனது தனிக்கதை.

நியூகாசிலிலிருந்து

மடாலயத்தில் அலுத்துப்போகும் பிள்ளைகளை ஆற்றோரம் கிரேப் லேனில் இருக்கும் கேப்டன் குக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். பின்னாளில் கடல் பயணங்களால் புகழ்பெற்ற குக் 1746-இல் கப்பல் தொழில் பழக வந்து சேர்ந்த முதலாளியின் வீடு அது. பயிற்சிப் பையன்கள் படுத்த மாடி அறையில் என் மகன் வெகுநேரம் நின்றான். அவர் உலகம் சுற்றிய எண்டெவர் முதலில் நிலக்கரி ஏற்ற இதே ஊரில் கட்டிய கப்பல். அடிப்பாகம் தட்டை, தண்ணீர் வற்றினாலும் மணலில் உட்காரும். 1770-இல் ஆஸ்திரேலியப் பவளப்பாறையில் மோதி ஓட்டை விழுந்தபோது கரையேற்றிச் சரிசெய்ய முடிந்ததும் அதனால்தான்.

நாங்கள் மிடில்ஸ்பரோவிலிருந்து ரயிலில் போனோம். பெரும்பகுதி எஸ்க் ஆற்றோரமாகப் போகும் அழகான பாதை, ஒன்றரை மணி நேரம். ஆனால் நாளுக்குச் சில வண்டிகள்தான், திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.