அடைப்புக்குறிக்குள் பன்னிரண்டு வசனங்கள்

குழு: தாத்தா வீடு
வியாழன், மாலை 6:12

ஜெசி: ஞாயிறு நினைவுக் கூட்டத்துக்கான தாள் இன்று இரவு அச்சுக்குப் போக வேண்டும். வேத வாசிப்பு யோவான் 8:1-11, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு கல்லெறிக்குத் தப்புவிக்கும் இடம், தாத்தாவுக்குப் பிடித்த பகுதி. வாசிப்பது யார்? நேரம் 5 தானே?

அமலா: 5:30 என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே

பென்னி: ஜெசி அக்கா, ஒரு சந்தேகம். என்னிடம் உள்ள புதிய மொழிபெயர்ப்பில் அந்தப் பகுதி 7:53-லிருந்தே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. பழைய கையெழுத்துப் பிரதிகளில் இது இல்லை என்று அடிக்குறிப்பு வேறு. தாளிலும் அடைப்புக்குறி போடுவதா?

சாமுவேல்: யார் போட்ட அடைப்புக்குறி?

சாமுவேல்: அப்பாவின் வேதாகமத்தில் அப்படி எதுவும் கிடையாது.

ரூபன்: போட்டது சரிதான்.

சாமுவேல்: எதிர்பார்த்தேன்.

எஸ்தர்: ரூபா வேண்டாம்

ரூபன்: அம்மா, நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெசி: யார் வாசிப்பது என்று மட்டும்தான் கேட்டேன் 🙏

டேனியல்: அண்ணா, ரூபன் சொன்னதில் தவறில்லை. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். யோவான் எழுதிய முதல் ஏடு இன்று எங்கும் இல்லை. நம்மிடம் இருப்பதெல்லாம் பிரதியைப் பார்த்து எழுதிய பிரதி. யோவான் நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகளில் இரண்டு, பாப்பிரஸ் 66, பாப்பிரஸ் 75 என்னும் நாணல் தாள் ஏடுகள். இரண்டும் கி.பி. 200-ஐ ஒட்டியவை என்று பலரும் கணிக்கிறார்கள். அவற்றில் 7:52 முடிந்ததும் நேரே 8:12 வருகிறது, இயேசு தம்மை உலகத்தின் ஒளி என்று சொல்லும் இடம். நடுவில் அந்தப் பெண் இல்லை. 4ஆம் நூற்றாண்டின் சினாய் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. இன்று கிடைக்கும் கிரேக்கப் பிரதிகளில் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெசா பிரதியில்தான் முதலில் பார்க்கிறோம். சில பிரதிகளில் இதே சம்பவம் லூக்கா 21ஆம் அதிகாரத்தின் கடைசியில் கிடக்கிறது. எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறார்கள்.

டேனியல்: அதற்காக இது நேற்று முளைத்த கதையும் அல்ல. 4ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜெரோம் இதைத் தன் லத்தீன் மொழிபெயர்ப்பில் வைத்தார். கிரேக்கத்திலும் லத்தீனிலும் பல பிரதிகளில் இருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். அதே காலத்து பிஷப் அகஸ்டின் வேறு மாதிரி நினைத்தார். இதை வாசித்தால் மனைவிமாருக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று பயந்து சிலர் நீக்கியிருப்பார்கள் என்பது அவர் கருத்து. ஆகவே அடைப்புக்குறி என்பது வேதத்தின் மேல் விழுந்த அடி அல்ல அண்ணா. இந்த இடத்தில் எங்களுக்கு உறுதியில்லை என்று மொழிபெயர்த்தவர்கள் ஒளிக்காமல் சொல்கிறார்கள். அவ்வளவுதான்.

பென்னி: அப்பா, "மேலும் வாசிக்க" இரண்டு முறை அழுத்தினேன்

அமலா: டேனி பதிலை முடிப்பதற்குள் விளக்கை அணைத்துவிடலாம் என்று மாமா சொல்வார்

எஸ்தர்: சொல்வார் சொல்வார்

ரூபன்: சின்ன மாமா, அகஸ்டின் சொன்னது ஊகம்தானே? பயந்து வெட்டுவதென்றால் பெண் வரும் வசனங்களை வெட்டலாம். 7:53-இல் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். அதை ஏன் வெட்ட வேண்டும்?

டேனியல்: நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சாமுவேல்: டேனி, நீ யார் பக்கம்?

டேனியல்: இதில் பக்கம் எங்கே வந்தது அண்ணா

அமலா: நாற்காலி 40 போதுமா 60 வேண்டுமா? இதை முதலில் முடிவு செய்யுங்கள்

பென்னி: 50 பெரியம்மா

சாமுவேல்: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

எஸ்தர்: நான் ஒன்று கேட்கட்டுமா. உங்கள் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. ரூபனின் அப்பா போன பிறகு, என் மேல் சொந்தக்காரர்களே கல்லெறிந்த நாட்களில், அப்பா எனக்கு வாசித்துக் காட்டியது இந்தப் பகுதிதான். உங்களில் பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியக்கடவன். 30 வருடமாக அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அடைப்புக்குறி போட்டால் இயேசு அதைச் சொல்லவில்லை என்று ஆகிவிடுமா?

ஜெசி: அத்தை ❤️

ரூபன்: ஆகாது அம்மா. யோவான் நற்செய்தி முதலில் எழுதப்பட்டபோது இது அதில் இருந்ததாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்படி ஒரு சம்பவம் நடந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. பிரதிகளை வைத்து அதற்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

டேனியல்: இவன் சொன்னதுதான் சரி அக்கா. அது உண்மையில் நடந்த சம்பவம், வாய்வழியாகப் பல காலம் உலவி, பிறகு ஏட்டில் ஏறியது என்று நினைக்கும் அறிஞர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நம்புகிறேன். நிரூபிக்க முடியாது.

எஸ்தர்: சரி

சாமுவேல்: ஒன்றை எடுத்தால் அடுத்ததையும் எடுப்பார்கள். அதுதான் என் பயம். இன்று பன்னிரண்டு வசனம், நாளைக்கு?

ரூபன்: பெரிய மாமா, அடுத்ததும் இருக்கிறது. மாற்கு 16:9-20, சினாய் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. கல்லறையைவிட்டுப் பெண்கள் பயந்து ஓடுவதோடு முடிகிறது. 1 யோவான் 5:7-இல் பரலோகத்தில் சாட்சியிடும் மூவர் (பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி) பற்றிய வரியும் அப்படித்தான். சண்டைக்குச் சொல்லவில்லை. கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

டேனியல்: ஆமாம் அண்ணா. அந்த வரியை அறிஞர் எராஸ்மஸ் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வந்தது. வரி உள்ள ஒரு கிரேக்கப் பிரதியைக் காட்டினார்கள், 1522 பதிப்பில் சேர்த்தார். ஆனால் பாருங்கள், அந்த வரி போனாலும் திரித்துவம் போகவில்லை. நைசியா சபை மாநாட்டில் கூடியவர்கள் அந்த வரியை வைத்து வாதாடவும் இல்லை. சந்தேகத்துக்குரிய பெரிய பகுதிகள் இரண்டுதான், மாற்கின் முடிவும் இதுவும். மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை எழுத்துப் பிழை, சொல் முன்பின் மாறியது, ஒரு வரி விட்டுப்போனது.

அமலா: பலமுறை பகிரப்பட்டது: நாசா விஞ்ஞானிகள் கணினியில் கணக்கிட்டபோது காலத்தில் ஒரு நாள் குறைந்தது!! யோசுவா சூரியனை நிறுத்திய நாள்தான் அது!! வேதம் உண்மை என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது!! 10 பேருக்கு அனுப்புங்கள்

டேனியல்: அண்ணி, இது உண்மை அல்ல. நாசாவே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது. காணாமல்போன ஒரு நாளைக் கணினியால் கண்டுபிடிக்கவும் முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு நாட்காட்டி வேண்டுமே. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். நம் பிள்ளைகள் இதை நம்பி வெளியே போய்ச் சொல்வார்கள். பொய் என்று யாராவது காட்டிவிட்டால், மற்றதையும் சேர்த்துத் தூக்கி எறிவார்கள்.

அமலா: பக்கத்து வீட்டு அக்கா அனுப்பினார்கள். அழித்துவிடுகிறேன்

சாமுவேல்: சரி, ஏசாயா சுருள்? அதுவும் பொய்யா?

டேனியல்: அது உண்மை அண்ணா. 1947-இல் சவக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கிடைத்தது. 7 மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் இருக்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது. அதற்கு முன் நம்மிடம் இருந்த முழு எபிரெயப் பிரதிகள் அதைவிட ஆயிரம் ஆண்டு பிந்தியவை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எழுத்துக்கூட்டலில் வித்தியாசம் ஏராளம், சொற்களிலும் உண்டு, ஆனால் அதே ஏசாயாதான். விளக்கு வெளிச்சத்தில் தோல் மேல் குனிந்து எழுதியவர்கள். எத்தனை தலைமுறை!

ரூபன்: ஏசாயா விஷயத்தில் எனக்கும் வியப்புதான். ஆனால் அதே கும்ரானில் எரேமியாவும் கிடைத்தது மாமா. எரேமியாவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, எபிரெயத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. அந்தச் சிறிய வடிவத்தோடு ஒத்துப்போகும் எபிரெயத் துண்டும் அங்கே இருந்தது. அதாவது ஒரே காலத்தில் இரண்டு எரேமியா. கோலியாத்தின் உயரமும் அப்படித்தான். நம் வேதாகமத்தில் ஆறு முழமும் ஒரு சாணும். கும்ரான் சாமுவேல் சுருளில் நாலு முழமும் ஒரு சாணும்.

பென்னி: நாலு முழம் என்றால்?

ரூபன்: இரண்டு மீட்டர் பக்கம்.

பென்னி: அப்படியானால் ரூபன் அத்தானைவிடக் கொஞ்சம்தான் உயரம் 😀

ஜெசி: தாவீது வேஷத்தில் டேனியல் சித்தப்பா, கோலியாத் வேஷத்தில் அப்பா. தாத்தா எழுதிய அந்த நாடகம்!

எஸ்தர்: கல்லுக்குப் பதில் பஞ்சு உருண்டை. சாமு விழ மாட்டேன் என்று அடம்பிடித்தான்

சாமுவேல்: பஞ்சு பட்டு யாராவது விழுவார்களா அக்கா

எஸ்தர்: கடைசியில் அப்பா வந்து தள்ளிவிட்டார்

ரூபன்: சின்ன மாமா, இன்னொன்று. பிரதி எடுத்தவர்கள் கவனமாக எடுத்தார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதியதைச் சரியாகக் கடத்தினார்கள் என்பதும், எழுதியது நடந்தது என்பதும் ஒன்றல்ல. என் கேள்வி இரண்டாவதில்தான் நிற்கிறது.

டேனியல்: ஒன்றல்ல. எங்கள் ஆட்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள், நானும் வகுப்பில் குழப்பியிருக்கிறேன். இரண்டாவதற்கு வேறு சான்றுகளைப் பார்க்க வேண்டும். 1993-இல் இஸ்ரேலில் தேல் தாண் என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டில் "தாவீதின் வீடு" என்று இருக்கிறது. 1961-இல் செசரியாவில் ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் கிடைத்தது. இவை நபர்களைக் காட்டும். உயிர்த்தெழுதலைக் கல்லில் தேட முடியாது. அங்கே நான் சாட்சிகளை நம்புகிறேன். நீ நம்பவில்லை.

ரூபன்: இன்னும் நம்பவில்லை.

டேனியல்: சரி

7:40

ரூபன்: பெரிய மாமாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் தாத்தா பிறந்தநாளில், நைசியாவில் ஓட்டுப்போட்டுத்தான் வேதாகமத்தில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள் என்றேன். நீங்கள் கோபப்பட்டீர்கள். நான் எழுந்து போனேன். பிறகு தேடிப் பார்த்தேன். நான் சொன்னது தவறு. 325-இல் நைசியாவில் கிறிஸ்துவின் தெய்வீகத் தன்மையையும் ஈஸ்டர் தேதியையும் பற்றித்தான் முக்கியமாகப் பேசினார்கள். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் ஒரே பட்டியலாக வருவது 367-இல் அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸ் எழுதிய கடிதத்தில்தான். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசினேன். தாத்தா இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஜெசி: 🙏

எஸ்தர்: என் தங்கம்

அமலா: நாற்காலி 50 சொல்லிவிட்டேன்

ஜெசி: எல்லாரும் பார்க்க, தாத்தாவின் வேதாகமத்தைப் படமெடுத்தேன்

ஜெசி: [புகைப்படம்]

ஜெசி: [புகைப்படம்]

ஜெசி: முதல் படம் யோவான் 8. அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் கட்டைவிரல் பட்டுக் கறுத்திருக்கிறது, பாருங்கள். நடுவில் பழைய மருந்துச் சீட்டு ஒன்று நாலாக மடித்து வைத்திருக்கிறார். அடைப்புக்குறி இல்லை அப்பா, நீங்கள் சொன்னது சரி. ஆனால் முதல் வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் ஏதோ குறி.

பென்னி: கேள்விக்குறி!

சாமுவேல்: அது 2.

பென்னி: 2 என்றால் எதற்கு 2?

சாமுவேல்: இரண்டாவது முறை வாசித்தார் என்று அர்த்தம். அப்பா அப்படிக் குறிப்பார்.

டேனியல்: கீழே புள்ளி தெரிகிறதே

சாமுவேல்: அது காகிதத்தில் உள்ள கறை.

ரூபன்: பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

ஜெசி: இரண்டாவது படம் மத்தேயு 27. யூதாஸ் நான்றுகொண்டு சாகும் இடம். ஓரத்தில் "அப். 1:18" என்று எழுதி அடிக்கோடு. இது தாத்தா கையெழுத்தேதான்.

டேனியல்: அப்போஸ்தலர் 1:18-இல் அவன் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்று வரும். நிலத்தை வாங்கியதும் அங்கே அவனே. மத்தேயுவில் பிரதான ஆசாரியர்கள் வாங்குகிறார்கள். இரண்டையும் பொருத்திப் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லையே.

எஸ்தர்: உன்னிடம் கேட்டால் விடிந்துவிடும்

ரூபன்: பக்கத்தில் ஏதாவது பதில் எழுதியிருக்கிறாரா ஜெசி?

ஜெசி: இல்லை. அடிக்கோடு மட்டும்தான்.

8:25

ஜெசி: கடைக்காரர் அழைத்துவிட்டார். முடிவு சொல்லுங்கள். பகுதி அதேதானே? அடைப்புக்குறி உண்டா இல்லையா? யார் வாசிப்பது?

சாமுவேல்: பகுதி அதேதான். அடைப்புக்குறி அச்சில் வேண்டாம்.

பென்னி: அடிக்குறிப்பு?

டேனியல்: வாசிப்புக்கு முன் நான் ஒரு நிமிடம் விளக்கம் சொல்கிறேன்

அமலா: ஒரு நிமிடமா

எஸ்தர்: அப்பாவின் அந்தப் பக்கத்தையே படமாகத் தாளில் போடலாமா? எல்லாருக்கும் அவர் கைபட்ட பக்கம் கிடைக்கும்

ஜெசி: பென்சில் குறியோடா அத்தை?

எஸ்தர்: குறியோடுதான்

சாமுவேல்: யோசிப்போம்.

ஜெசி: அப்பா, கடை 9 மணிக்கு மூடிவிடும்

சாமுவேல்: ரூபன் ஞாயிறு வருகிறானா?

எஸ்தர்: இங்கேதான் இருக்கிறான், அவனையே கேள்

சாமுவேல்: ரூபா, வாசலில் மூன்றாவது படி உடைந்திருக்கிறது. அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வா. கொஞ்சம் முன்னால் வந்துவிடு, அந்தக் குறியை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

ரூபன்: வருகிறேன் மாமா. எத்தனை மணிக்கு?

சாமுவேல்: 4:30.

அமலா: கூட்டமே 5:30-க்குத்தான்

ஜெசி: தாளில் 5 என்று போட்டுவிட்டேன்!