பேராசிரியரின் மின்னஞ்சல் பொதுச்சொத்தா?

ஏட்டுச்சுவடி:
அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மின்னஞ்சலைப் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இது ஆய்வுச் சுதந்திரத்தின் கழுத்தை நெரிக்கிறது. 2011 மார்ச்சில் விஸ்கான்சின் மாநில அரசுப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் வில்லியம் குரோனன், மாநில மசோதாக்களுக்குப் பின்னால் எந்த அமைப்பு இருக்கிறது என்று வலைப்பதிவில் எழுதினார். உடனே மாநிலக் குடியரசுக் கட்சி அவருடைய அஞ்சல்களைக் கேட்டது. தேடச் சொன்ன சொற்களில், அக்கட்சியைச் சேர்ந்த அப்போதைய ஆளுநர் ஸ்காட் வாக்கரின் பெயரும் ஒன்று. அது தகவல் தேடல் இல்லை, மிரட்டல்.

திறந்தகதவு:
மிரட்டல்தான், மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தை ஏன் குறை சொல்கிறீர்கள்? வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பேராசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் மதிப்பிடுவதிலும் கோடீஸ்வரர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளைக்கு இடம் கொடுத்த பழைய ஒப்பந்தங்கள் 2018-இல்தான் வெளியே வந்தன. அதற்காக விடாமல் போராடியவர்கள் மாணவர்கள். ஆய்வுச் சுதந்திரத்தை அங்கே விலை பேசியது பணம். காட்டிக்கொடுத்தது இதே சட்டம்.

ஆய்வுக்கூடம்:
என் அனுபவம் ஒன்று. போன வருடம் எங்கள் அளவீட்டு வரைபடத்தைப் பற்றிச் சக ஆய்வாளருக்கு, "ஏழாவது புள்ளியை எடுத்துவிட்டால் கோடு நேராக வருகிறது, எடுத்துவிடலாமா?" என்று எழுதினேன். "கருவி பழுது என்று நிரூபிக்க முடியாமல் எடுக்கக்கூடாது" என்று பதில் வந்தது. புள்ளி அப்படியே இருந்தது. என் வரியை மட்டும் வெட்டி ஒருவர் வெளியிட்டால் நான் மோசடிக்காரன்! இப்போது இதையெல்லாம் தொலைபேசியில்தான் பேசுகிறோம். அந்தப் புள்ளியை ஏன் விட்டுவைத்தோம் என்பதற்கு இனி எழுத்தில் ஒரு தடயமும் இருக்காது.

திறந்தகதவு:
இது எனக்கு உறைக்கிறது. ஆய்வு வரைவுகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், சரி. பருவநிலை ஆய்வாளர் மைக்கேல் மானின் பல்லாயிரம் அஞ்சல்களை வர்ஜீனியா பல்கலைக்கழகம் தர வேண்டியதில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே நீதிமன்றம் 2019-இல், ஜார்ஜ் மேசனுக்கு நன்கொடை திரட்டும் அறக்கட்டளை பொது அமைப்பே இல்லை, இந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்று மாணவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆக, வரைவுக்கும் பூட்டு, பணத்துக்கும் பூட்டு.

ஏட்டுச்சுவடி:
இரண்டாவது பூட்டை நானும் ஏற்கவில்லை. நன்கொடை ஒப்பந்தத்தை யாரும் கேட்காமலே இணையத்தில் போட வேண்டும், தொகையோடு, நிபந்தனையோடு. அஞ்சல்களை மறுத்தால் எத்தனை, எந்தத் தேதி, என்ன காரணம் என்று பட்டியல் தரட்டும்.

திறந்தகதவு:
பட்டியல் போதாது. "ஆய்வு வரைவு" என்று தலைப்பிட்டு எதையும் ஒளிக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள ஒருவர் அந்த அஞ்சல்களையே படித்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும்.

ஆய்வுக்கூடம்:
என் அஞ்சலை அவர் முழுசாகப் படிப்பார் என்றால் எனக்குச் சம்மதம். பதிலையும் சேர்த்துப் படிக்கட்டும்.