பனியை உப்பென்று சொன்ன அப்பாயி: அட்டை இல்லாத ஒரு படப்புத்தகத்தைத் தேடுகிறேன்

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1980-களின் முற்பகுதியில், நீடாமங்கலத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் சிற்றூரில், கூரை வீட்டின் இறவாணத்தில் செருகி வைத்திருந்த ஒரு படப்புத்தகத்தைப் பற்றிக் கேட்கவே இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதைப்புத்தகம் அதுதான். என் அப்பா எங்கிருந்தோ வாங்கி வந்தார். எனக்கு நினைவு தெரிந்தபோதே அதற்கு அட்டையும் இல்லை, முதல் தாளும் இல்லை, கடைசித் தாளும் இல்லை. ஆகையால் பெயர், ஆசிரியர், விலை எதுவும் எனக்குத் தெரியாது. உள்ளே இருந்த எழுத்து எந்த மொழி என்பதுகூட நினைவில் இல்லை. அதை எங்களுக்குப் "படித்துக்" காட்டிய அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது என்பதே காரணம்.

அப்பாயி வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் பிறந்து, எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவள். புத்தகத்தின் எல்லாப் பக்கங்களிலும் தரை வெள்ளையாக இருந்தது. "இது எங்க ஊரு உப்பளம்" என்று அவள் சொல்லிவிட்டாள், நாங்களும் நம்பிவிட்டோம். அந்த வெள்ளைத் தரையின் நடுவே பழுப்பு நிறத்தில், வாய்ப்பக்கம் பிசிறு தொங்க, ஒரு பை கிடக்கும். அது மழைக்குத் தலையில் போடுகிற சாக்குக் கொங்காணி என்றாள். ஒரு பக்கம் கூராக நீட்டிக்கொண்டிருந்த பகுதியைச் சாக்கின் காது என்று விளக்கினாள். அதற்குள் ஒரு எலி நுழையும். பிறகு தவளை, முயல், நரி என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். பக்கம் புரளப் புரள அந்தக் கொங்காணிக்கு ஏணி, சன்னல், புகைபோக்கி எல்லாம் முளைத்துக்கொண்டே வரும். கடைசியில் உள்ள படத்தில் ஒரு கரடி தன் பின்பக்கத்தைத் திணித்துக்கொண்டிருக்கும். அதோடு தாள்கள் முடிந்துவிடும்.

ஒருமுறை ஐப்பசி மழையில் கூரை ஒழுகிப் புத்தகம் நனைந்து, பிறகு மிச்சத்தையும் கரையான் தின்றுவிட்டது. என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவளுக்குக் காட்ட அந்தப் புத்தகம் வேண்டும். அது எது என்று யாராவது சொல்ல முடியுமா?

அரசலாறு எழுதியது:

அம்மா, நான் கும்பகோணம் வட்டாரத்தில் ஊர்ப்புற நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்வது பழைய உக்ரைனிய நாட்டுப்புறக் கதை. உங்கள் அப்பாயி கொங்காணி என்று சொன்னது உண்மையில் குளிருக்கு அணியும் கையுறை. அதில் நான்கு விரல்களும் ஒரே உறைக்குள் இருக்கும், கட்டைவிரலுக்கு மட்டும் தனி உறை உண்டு. சாக்கின் காது என்று அவர் காட்டியது அந்தக் கட்டைவிரல்தான். வெள்ளைத் தரை, சொல்ல வேண்டியதில்லை, பனி.

இக்கதைக்குப் பல ஓவியர்கள் படம் வரைந்திருக்கிறார்கள். அவற்றுள் மிகவும் பெயர்பெற்றவை யெவ்கேனி ரச்சோவ் வரைந்து 1951-இல் வெளிவந்த படங்கள். அவருடைய விலங்குகள் உக்ரைனியக் கிராமத்தாரைப் போல உடை உடுத்தியிருக்கும். உங்கள் தவளையும் நரியும் வெறும் உடம்போடு இருந்தனவா, துணி கட்டியிருந்தனவா என்பது நினைவிருந்தால், அதை வைத்து ஓரளவு துணியலாம்.

முதல் தாளும் கடைசித் தாளும் சேர்ந்து காணாமல் போனதில் வியப்பில்லை. அத்தகைய மெல்லிய புத்தகங்கள் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து நடுவில் சென்டர் பின் அடித்தவை. முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே விரிதாளின் இரு பாதிகள். பின் துருப்பிடித்து வெளித்தாள் கழன்றால் இரண்டும் சேர்ந்தே போகும். நூலகத்தில் இப்படித் தலையும் காலும் இழந்த சிறுவர் புத்தகங்களை எத்தனையோ முறை பசை தடவி ஒட்டியிருக்கிறேன். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் பின்னுக்கு ஆயுள் குறைவு.

முள்ளியாறு எழுதியது:

தோழர் அரசலாறு சொன்னதோடு, புத்தகம் அந்த ஊருக்கு வந்த வழியைப் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அந்நாளில் கீழத்தஞ்சையின் குக்கிராமத்துக்குள் மாஸ்கோவில் அச்சான புத்தகம் வந்தது என்றால், பெரும்பாலும் அது விவசாயத் தொழிலாளர் சங்க மாநாட்டுப் பந்தலின் வாசலில் போட்டிருந்த புத்தகக் கடையிலிருந்து வந்ததாக இருக்கும். 1951-இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம்தான் சோவியத் நூல்களைத் தமிழ்நாடெங்கும் விற்றது. மாநாட்டுக்குப் போன அப்பாக்கள் தங்களுக்கு ஒரு தத்துவ நூலும் பிள்ளைக்கு ஒரு படப்புத்தகமும் வாங்கி, துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். தத்துவ நூல் பெரும்பாலும் பிரிக்கப்படாமலே இருக்கும், படப்புத்தகம் கிழிந்துபோகும். எங்கள் வீட்டு அனுபவமும் இதுவே.

அந்தத் தாளின் வழவழப்பை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். 'சோவியத் நாடு' இதழ் வந்த வீடுகளில் அதைப் படித்தார்களோ இல்லையோ, ஜூன் மாதத்தில் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட அதன் தாளுக்கு அடிதடி நடக்கும். என் கணக்கு நோட்டின் மேல் ஓராண்டு முழுவதும் ஒரு டிராக்டர் ஓடியது.

நம்மிடம் வந்த சோவியத் நூல்கள் பெரும்பாலும் முன்னேற்றப் பதிப்பகத்துடையவை. இலக்கிய, சிறுவர் நூல்களுக்கென ராதுகா பதிப்பகம் 1982-இல் தனியாகப் பிரிந்தது. ராதுகா என்றால் வானவில். பெரியவர்களுக்கான நூல்களின் இறுதியில், மொழிபெயர்ப்பையும் அமைப்பையும் பற்றி வாசகர் கருத்தை எழுதச் சொல்லி, '17, ஸூபவ்ஸ்கி புல்வார், மாஸ்கோ' என்ற முகவரியைத் தந்திருப்பார்கள். பதினோரு வயதில் அந்த முகவரிக்கு மூன்று பக்கம் எழுதி முடித்தேன். வெளிநாட்டுத் தபால்தலைக்குக் காசு கேட்டதற்கு வீட்டில் கிடைத்தது வேறு.

எழுத்து எந்த மொழி என்று தெரியவில்லை என்கிறீர்கள். ஏதேனும் ஓர் எழுத்தின் வடிவமாவது நினைவிருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அரசலாறு ஐயாவுக்கும் முள்ளியாறு தோழருக்கும் நன்றி. தவளை பாவாடை கட்டியிருந்தது. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை, ஏனெனில் அந்தத் தவளையை அப்பாயி தன்னோடு நடவுக்கு வருகிற ஒருத்தியின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எழுத்தைப் பொறுத்தவரை, ஆங்கில 'என்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போன்ற ஓர் எழுத்தைப் பார்த்ததாக என் அண்ணன் சொல்கிறார். புத்தகம் ரஷ்ய மொழியில் இருந்தது என்று இதற்குப் பொருளா?

அரசலாறு எழுதியது:

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, அம்மா. தமிழில் வந்த சோவியத் நூல்களிலும் வெளியீட்டு விவரங்களை ரஷ்ய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்; 'தமிழ் மொழியில்' என்பதையே ரஷ்ய மொழியில் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த விவரம் பெரும்பாலும் முதல் தாளிலோ கடைசித் தாளிலோதான் இருக்கும். உங்களுக்கு அவை இரண்டும் இல்லை. எனவே உங்கள் அண்ணன் உள்தாளில் பார்த்திருந்தால் புத்தகமே ரஷ்ய மொழியாக இருக்கலாம். அவர் மூத்தவர் என்பதால், வெளித்தாள் கழலுவதற்கு முன்பு பார்த்திருக்கவும் இடமுண்டு.

பாவாடை கட்டிய தவளை ரச்சோவின் பக்கம்தான் கைகாட்டுகிறது. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தபின் புதிய வரத்து நின்று, எஞ்சியிருந்தவை சில ஆண்டுகளில் தீர்ந்துவிட்டன. ஆனால் ஆர்வலர்கள் பலர் தங்களிடமிருந்த சோவியத் சிறுவர் நூல்களை ஸ்கேன் செய்து இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஓவியரின் பெயரை ரஷ்ய எழுத்திலேயே இட்டுத் தேடுங்கள்; தமிழ்ப் பதிப்பு கிடைக்காவிட்டாலும் படங்கள் அவைதானா என்று பார்த்துவிடலாம்.

உப்புக்காற்று எழுதியது:

எனக்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. 1930-இல் இராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய அதே அகத்தியம்பள்ளியில் மூன்று தலைமுறையாக உப்பளத்தில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. பங்குனி, சித்திரை வெயிலில் பாத்தியில் உப்பு வாரிக் குவித்திருக்கும்போது வந்து பாருங்கள், கண் கூசும். இரவில் நிலா வெளிச்சத்தில் அந்தத் தரை எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர், பனிப்படத்தைப் பார்த்து வேறு எதைச் சொல்வார்? அடுத்தாற்போல் இருப்பது கோடியக்கரைக் காடு. 1967-இலிருந்து அது வனவிலங்குச் சரணாலயம். வெளிமானுக்குப் பேர்போன அந்தக் காட்டில் முயல் உண்டு, நரி உண்டு, காட்டுப்பன்றியும் உண்டு. அப்பாயி எதையும் இட்டுக்கட்டவில்லை, தன் ஊரைச் சொல்லியிருக்கிறார்.

ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. எங்கள் காட்டில் கரடி கிடையாது. அவர் கரடியை என்னவென்று சொன்னார்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மிராசுதார் என்று சொன்னாள்.

சிரிக்க வேண்டாம். கரடி மட்டுமல்ல, நரிக்குப் பின்னால் வருகிற சாம்பல் நிற விலங்கை, அது ஓநாய் என்று இப்போது தெரிகிறது, பண்ணையின் காரியக்காரர் என்றாள், காட்டுப்பன்றி கணக்குப்பிள்ளை. எலியும் தவளையும் முயலும் இடம் விட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் இவர்கள் ஒவ்வொருவராக வந்து, "எனக்கும் கொஞ்சம்" என்று கேட்பார்கள். கரடி வரும்போது அப்பாயி குரலைத் தாழ்த்தி, தொண்டையைச் செருமி, வெற்றிலை துப்புவதுபோலப் பாவனை செய்வாள். நாங்கள் பாய்க்கு அடியில் ஒளிந்துகொள்வோம்.

நேற்று இரவு ஐயா சொன்னபடி தேடிப் படங்களைப் பார்த்துவிட்டேன். அவையேதான். பாவாடைத் தவளையைப் பார்த்தவுடன் அண்ணனை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நான் ஒருபோதும் பார்த்திராத முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நேற்றுத்தான் பார்த்தேன். முதலில் ஒரு கிழவர் நாயோடு காட்டுவழியே போகிறார், கையுறை விழுந்துவிடுகிறது. இறுதியில் அது இல்லாததைக் கண்டு திரும்பி வருகிறார். நாய் முன்னே ஓடிக் குரைக்க, உள்ளே இருந்தவை எல்லாம் சிதறி ஓடுகின்றன. கிழவர் கையுறையை எடுத்துக்கொள்கிறார். எங்களிடம் இருந்த தாள்களில் அந்தக் கிழவரும் இல்லை, நாயும் இல்லை. மனித வாடையே இல்லாத புத்தகம் அது. ஆனால் அப்பாயியின் கதையில் ஒரு கிழவன் உண்டு. கரடியின் படம் முடிந்து வெறும் பாயில் கை வைத்தபடி அவள் சொல்வாள்: "கொங்காணின்னா அதுக்கு ஒரு ஆளு இருப்பான்ல? மழை வந்தா தேடிக்கிட்டு வருவான்ல?" பிறகு மழை வரும். கிழவன் வருவான்.

அதன்பின் நடப்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. அவள் கிழவன் கொங்காணிக்குள் எட்டிப் பார்ப்பான். எலிக்குக் குட்டி பிறந்திருக்கும். மிராசுதாரையும் காரியக்காரரையும் கணக்குப்பிள்ளையையும் மட்டும் காதைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, மற்றவற்றை உள்ளேயே இருக்கச் சொல்லி, மழை விடும்வரை உப்புக் குவியலுக்குப் போட்டிருக்கும் கீற்றுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நிற்பான்.

படங்களைக் கும்பகோணத்தில் வண்ண அச்சில் எடுத்து, பழைய அளவிலேயே தைத்து வாங்கலாம் என்றிருக்கிறேன். பைண்டரிடம் கடைசித் தாளை மட்டும் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்.

அரசலாறு எழுதியது:

நல்லது அம்மா. சென்டர் பின்னே அடிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் தைத்தால் படங்களின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடும். கடைசித் தாளை எடுத்தால் முதல் தாளும் கூடவே வந்துவிடும், அதற்கெனத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அலமாரியில் வைக்கும்போது பக்கத்தில் இரண்டு துண்டு வசம்பு போட்டு வையுங்கள்.