வளர்ப்பு முயலின் தோலைப் பதம் பண்ணி விற்கலாமா? மேல்மலையிலிருந்து ஒரு கேள்வி

மேல்மலை முயல்காரர் எழுதியது:

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் கறிக்கு முயல் வளர்க்கிறேன். எங்கள் ஊரிலுள்ள மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டல மையத்தில் வாங்கிய ஒயிட் ஜெயண்ட் முயல்களும், பின்னால் சேர்த்த சோவியத் சின்சில்லா முயல்களுமாக என் பண்ணை நடக்கிறது. அறுத்த முயலின் தோலை இதுவரை குழி வெட்டிப் புதைத்தே வந்தேன். சென்ற மார்கழியில் என் பெரியப்பா ஆறு தோல்களை வாங்கிக்கொண்டு போய், பத்து நாள் கழித்துத் துணி போல மடியும் பதத்தில் திருப்பித் தந்தார். குளிரில் வேலை செய்பவர்களுக்குக் காதுமூடியும் கையுறையும் தைக்கலாம் என்று தோன்றுகிறது. அவர் இந்த வேலையைக் கற்றது இளவயதில் கண்ணி வைத்துப் பிடித்த காட்டு முயலின் தோலில்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, தோலை விற்பனைக்கும் கொண்டுவருவது சரியா?

தாண்டிக்குடி காபித்தோட்டம் எழுதியது:

சரியல்ல என்பதே என் கருத்து, ஐயா. உங்கள் முயலைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. தோலுக்கு விலை வந்தபின் நடக்கப் போவதைப் பற்றித்தான் கவலை. கீரி மயிர்த் தூரிகையை எண்ணிப் பாருங்கள். ஒரு கீரியிலிருந்து கிடைப்பது சில பத்து கிராம் மயிர்தான். ஆனாலும் ஓவியத் தூரிகைக்கு அந்த மயிரே வேண்டும் என்று கேட்க ஆள் இருந்ததால், சட்டம் தடுத்த பிறகும் நாடு முழுவதும் வலையும் பொறியும் வைத்துக் கீரிகளைப் பிடித்தார்கள். வேலியின் சந்துகளில் காட்டுப்பன்றிக்கென்று பிரேக் ஒயரைச் சுருக்காக்கிக் கட்டும் வழக்கம் நம் மலையில் இன்னும் ஒழியவில்லை. அந்தச் சுருக்குக்குப் பன்றி எது, கேளையாடு என்னும் சிறு மான் எது என்று தெரியாது. இழுக்க இழுக்க இறுகும். இடுப்பில் மாட்டிய சிறுத்தை திமிறித் திமிறியே உள்ளுறுப்பு நசுங்கிச் சாகும். எங்கள் தோட்டத்து ஓடைக்கரையில் அப்படி மாட்டிய ஒரு கேளையாட்டை நான் கண்டபோது அதற்கு உயிர் இருந்தது. கம்பியை அறுக்க ஆள் வருவதற்குள் போய்விட்டது. அந்தக் காட்சியை மறக்க முடியாத காரணத்தால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கண்ணி வைப்பதும், வைக்க முயல்வதும்கூட வேட்டைதான். பன்றிக்காக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர்தான் சுடலாம். விவசாயி கம்பி கட்ட அதில் இடமில்லை. இந்த நிலையில் தோல் பதம் பண்ணத் தெரிந்த கைகளை ஊர் ஊராக உருவாக்குவது எதற்கு?

தோல் ஷாப்பு அனுபவம் எழுதியது:

திண்டுக்கல்லில் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் ஆலை வேலையிலேயே தலை நரைத்தவன் நான். தாண்டிக்குடி அம்மா சொல்லும் கம்பியைப் பற்றி எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கைத்தொழிலைக் குற்றவாளியாக்குவதை ஏற்க மாட்டேன். கண்ணி வைக்கத் தெரிந்தவனுக்குத் தோல் வேலை தெரியும் என்பதும் இல்லை, தோல் வேலை தெரிந்தவன் கண்ணி வைப்பான் என்பதும் இல்லை.

பெரியப்பா செய்ததைப் பிள்ளைகள் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உரித்த தோலின் சூடு ஆறியதும் தண்ணீரில் போட வேண்டும். தாமதித்தால் அழுகல் தொடங்கி மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். உப்பும் படிகாரமும் சம அளவில் கரைத்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டால், உட்புறத்துச் சவ்வு வால் பக்கத்திலிருந்து உரிக்க இணங்கும். மழுங்கிய கத்தியே போதும். கூர்க்கத்தி வைத்தால் மயிர்க்கால் அறுந்து மறுபுறம் சொட்டையாகிவிடும். சவ்வை எடுத்தபின் அதே கரைசலைப் புதிதாகப் போட்டு மேலும் ஒரு வாரம் ஊறவிட வேண்டும். பிறகு நிழலில் காயவைத்து, முழுக்கக் காய்வதற்கு முன், தொட்டால் சில்லென்று இருக்கும் அரை ஈரத்தில் எடுத்து இழுத்துக் கசக்க வேண்டும். அந்த ஒரு பொழுதைத் தவறவிட்டால் தோல் அட்டையாகிவிடும். தோலின் தரம் மருந்தில் இல்லை, இந்தக் கசக்கலில்தான் இருக்கிறது. படிகாரத் தோல் நன்றாக நனைந்தால் படிகாரம் கரைந்து மறுபடி விறைக்கும் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். மழைக்கு உதவும் கையுறை என்று விற்காதீர்கள்.

ஆவாரம் பட்டையோ, தோல் பதனிட உதவும் என்று நம் மலைப் புல்வெளிகளில் நட்டு இன்று சோலை ஓரமெல்லாம் பரவிக் கிடக்கும் வாட்டில் மரத்தின் பட்டையோ இதற்கு ஆகாது. அவை மயிர் நீக்கிய தோலுக்குச் சிறந்தவை. மயிரோடு உள்ள தோலில் போட்டால் வெள்ளை மயிர் பழுத்த இலை நிறமாகிவிடும்.

தாண்டிக்குடி காபித்தோட்டம் எழுதியது:

ஐயாவின் விளக்கத்தால் நான் அறியாதது பலவும் அறிந்தேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கையுறையாகத் தைத்தபின் அது பண்ணை முயலா, கண்ணியில் மாட்டிய காட்டு முயலா என்று சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பண்ணை முயலின் காதில் பச்சை குத்திய எண் கையுறையில் வராது. இன்னொன்று, கறிக்கென்று மூன்று மாதத்தில் அறுக்கும் முயலின் தோல் மெல்லியது, தையல் தாங்காது. மயிர் அடர்ந்து தோல் தடிக்க ஐந்தாறு மாதம் வளர்த்தால் அதன் தீவனச் செலவைத் தோலின் விலை ஈடு செய்யுமா? செய்யாது என்றால், செலவே இல்லாமல் காட்டிலிருந்து வரும் தோலை நோக்கித்தானே வியாபாரியின் கண் போகும்?

மேல்மலை முயல்காரர் எழுதியது:

அம்மா கேட்ட இரண்டாவது கேள்விக்கு மறுப்பு சொல்ல முடியவில்லை. பெரியப்பா வாங்கிய ஆறு தோலும் இனப்பெருக்கத்திலிருந்து கழித்த பெரிய முயல்களின் தோல் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். ஆகவே கழிக்கும் முயல்களின் தோலை மட்டும் எடுப்பேன். ஆண்டுக்கு முப்பது நாற்பதுக்கு மேல் தேறாது, வியாபாரி யாரும் அதற்காக மலை ஏற மாட்டார்.

முதல் கேள்விக்கு ஒரு வழி தோன்றுகிறது. நம் காட்டு முயல் செம்பழுப்பு, பிடரியில் கறுப்பு. சின்சில்லாவின் சாம்பல் நிறத்தோடு அதைக் கலந்து தைத்தால் அறியாதவர் ஏமாறலாம். ஒயிட் ஜெயண்ட் தோலோடு கலக்க முடியாது. எனவே சாயமே ஏற்றாத வெள்ளைத் தோலில் மட்டும் தைப்பது, சின்சில்லாவின் தோலைப் பழையபடி புதைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். கற்க வரும் பிள்ளைகளிடமும் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடுவேன்.

தாண்டிக்குடி காபித்தோட்டம் எழுதியது:

வெள்ளை மட்டும் என்றால் என் எதிர்ப்பை நிறுத்திக்கொள்கிறேன். விற்பனை வேண்டாம் என்ற எண்ணம் மாறவில்லை. உப்பும் படிகாரமும் கலந்த கழிவுநீரைப் பூண்டு வயலுக்கோ ஓடைக்கோ விடாமல், தொட்டியில் வற்றவைத்து அகற்றுங்கள். கற்க வரும் பிள்ளைகளை ஒரு நாள் கீழ்மலைக்கும் அழைத்து வாருங்கள். எங்கள் வேலியோரத்தில் கம்பி தேடி அறுக்க ஆள் தேவைப்படுகிறது.